கருவியைத் தேர்வது யார்?
சேலம் நெசவாளர் வரலாறு தரும் பாடம்

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கொல்லுப் பட்டறையின் முன்னால் சிறிது நேரம் நின்று பாருங்கள். மண்வெட்டியைத் தீட்டிக்கொள்ள ஓர் உழவர் வருகிறார். கொல்லர் அவரிடம் விலை பேசுமுன் வேறு சில கேள்விகளைக் கேட்கிறார். நிலம் செம்மண்ணா, கல் கலந்ததா? வெட்டப் போவது வரப்பா, வாய்க்காலா? உழவரின் உயரத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார். பிறகுதான் மண்வெட்டியின் வளைவும் காம்பின் நீளமும் முடிவாகின்றன. ஒரே ஊரில் இருவருடைய மண்வெட்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இப்போது அதே உழவரின் மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு மேசை, ஓர் இயந்திரம், ஒரு கணினி தரப்படுகின்றன. ‘இதில்தான் வேலை செய்ய வேண்டும்’ என்று சொல்லப்படுகிறது. அவருடைய கைக்கு அது பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை. தந்தையின் கருவியைத் தந்தையே தேர்ந்தெடுத்தார். மகனின் கருவியை வேறு யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள்.

இது சிறிய மாற்றமா? ‘கருவி யாருடைய தேர்வாக இருந்தால் என்ன, வேலை நடந்தால் சரி’ என்று சிலர் எண்ணலாம். ஆனால் இந்தக் கேள்விக்காக, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், நம் பக்கத்திலேயே ஒரு பெரிய சோதனை நடந்தது. அது நடந்த இடம் சேலம். தருமபுரி தனி மாவட்டமானது 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள்தான். அதற்கு முன் தொப்பூர்க் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் இருந்த ஊர்கள் எல்லாம் சேலம் மாவட்டமே. ஆகவே இது தருமபுரிக்கும் சொந்தமான வரலாறு.

பழைய தறியும் பறக்கும் நாடாவும்

வரலாற்றைப் புரிந்துகொள்ள, முதலில் தறியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

துணியில் நீளவாக்கில் ஓடும் நூல்களுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடுவது ஊடை. நெசவாளர் மிதியை அழுத்தினால் பாவு நூல்களில் ஒரு பாதி மேலே எழும்; மறு பாதி கீழே இறங்கும். இடையில் ஒரு வழி உண்டாகும். ஊடை நூல் சுற்றிய தாரைச் சுமந்துகொண்டு அந்த வழியில் ஓடுவதே நாடா. நாடா கடந்ததும், அச்சு பொருத்திய பலகையை முன்னால் இழுத்து அடித்து ஊடையை நெருக்குகிறார்கள். மீண்டும் மிதி, மீண்டும் நாடா, மீண்டும் அடி.

நம் நாட்டுக் குழித்தறியில் நாடாவைக் கையால் எறிவார்கள். வலக்கை எறியும், இடக்கை பிடிக்கும். பிறகு இடக்கை எறியும், வலக்கை பிடிக்கும். இதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் நாடாவைப் பிடித்த பிறகே பலகையை அடிக்க முடியும். அதனால் வேகம் குறைவு. இரு கைகளும் எட்டும் அகலத்துக்கு மேல் ஒருவரால் நெய்யவும் முடியாது.

1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த ஜான் கே என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். பலகையின் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகளை வைத்தார். பெட்டிக்குள் நாடாவைத் தட்டிவிடும் ஒரு கட்டை. அதில் ஒரு கயிறு. கயிற்றின் நடுவில் ஒரு கைப்பிடி. நெசவாளர் கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தால், நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் பாய்ந்து செல்லும். ஒரு கை கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்கும். இதுவே பறக்கும் நாடா. விசைநாடா என்றும் சொல்வதுண்டு. நெசவின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று.

கேயின் வாழ்க்கை இன்பமாக முடியவில்லை. வேலை போய்விடும் என்று நெசவாளர்கள் அஞ்சினார்கள். ஆலை முதலாளிகளோ கருவியைப் பயன்படுத்திக்கொண்டு, அதற்குரிய உரிமைப் பணத்தைத் தர மறுத்தார்கள். அவர் பிரான்சு நாட்டுக்குப் போய் அங்கேயே காலம் கழித்தார். ஆனால் அவருடைய நாடா நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அது இந்தியாவுக்கும் வந்தது. வங்கத்தின் சேராம்பூரிலும், மங்களூரில் பாசல் மிஷன் நடத்திய நெசவுச் சாலையிலும் அது ஓடத் தொடங்கியது.

சாட்டர்டன் கண்ட கனவு

1888ஆம் ஆண்டில் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். வகுப்பறையோடு நின்றுவிடாத மனிதர் அவர். நம் வீடுகளில் இன்று சாதாரணமாகிவிட்ட அலுமினியப் பாத்திரங்களை இங்கே செய்து பார்க்கும் முயற்சி, 1898ஆம் ஆண்டில் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் அவர் மேற்பார்வையில்தான் தொடங்கியது. குரோம் முறையில் தோல் பதனிடுதல், எண்ணெய் எஞ்சின் வைத்துக் கிணற்று நீர் இறைத்தல் ஆகியவற்றிலும் அவருடைய பங்கு பெரிது.

அடுத்து அவர் பார்வை கைத்தறி மீது விழுந்தது. லங்காஷயர் துணியும் பம்பாய் ஆலைத் துணியும் சந்தையை நிறைத்த காலம் அது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சம் சேலம் மாவட்டத்தை உலுக்கிவிட்டுப் போயிருந்தது. பல நெசவுக் குடும்பங்கள் வணிகரிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனிலேயே உழன்றன. 1905ஆம் ஆண்டில் சுதேசி இயக்கம் எழுந்தபோது, ‘கைத்தறியைக் காப்பது எப்படி?’ என்பது நாடு முழுவதும் பேசப்படும் கேள்வியாயிற்று.

சாட்டர்டன் தந்த விடை தெளிவானது. நெசவாளர் ஏழையாக இருப்பதற்குக் காரணம் அவருடைய தறி மெதுவாக ஓடுவது. தறியை மாற்ற வேண்டும். அது மட்டும் போதாது. நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ்க் கூட்டி, நூலை மொத்தமாக வாங்கி, பாவு ஓட்டுவதையும் கஞ்சி போடுவதையும் ஒழுங்குபடுத்தி, குறித்த நேரத்தில் வேலை வாங்க வேண்டும். அதாவது, கைத்தறித் தொழிற்சாலை வேண்டும்.

1906ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் அரசே அப்படி ஒரு நெசவுச் சாலையைத் தொடங்கியது. பறக்கும் நாடாத் தறிகள் வந்தன. நூல் தரப்பட்டது. கூலியும் தரப்பட்டது.

நெசவாளர்கள் ஏன் வரவில்லை?

ஆட்கள் கிடைப்பதே முதல் தொல்லையாயிற்று. வந்தவர்களும் ஒழுங்காக வரவில்லை. வீட்டிலேயே பெண்டு பிள்ளைகளின் துணையோடு நெய்வதை நெசவாளர் விரும்புகின்றனர்; நேரக் கட்டுப்பாட்டை வெறுக்கின்றனர் என்று சாட்டர்டனே எழுத வேண்டியதாயிற்று. அக்கால அதிகாரிகள் பலர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: பழமைப் பிடிப்பு. ‘இவர்கள் புதுமையை ஏற்க மாட்டார்கள்’ என்றார்கள்.

வாசகர்களே, இந்தத் தீர்ப்பு சரிதானா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு பாவை நெய்து முடிக்க ஆறு நாள் ஆவதாகக் கொள்வோம். அதில் இரண்டு நாள் பாவு ஓட்டவும், கஞ்சி போடவும், இழை பிணைக்கவும் போகின்றன. எஞ்சிய நான்கு நாள் நெசவு. இப்போது நெசவின் வேகத்தை இரு மடங்காக்குவோம். நான்கு நாள் இரண்டு நாளாகும். ஆனால் முன்வேலைக்கான இரண்டு நாள் அப்படியே இருக்கும். மொத்தம் நான்கு நாள். தறியின் வேகம் இரு மடங்கானாலும் விளைவு ஒன்றரை மடங்குதான்!

அந்த முன்வேலையை யார் செய்தார்கள்? சேலத்துக் குகை, அம்மாப்பேட்டை போன்ற நெசவுப் பகுதிகளை நினைத்துப் பாருங்கள். பாவு ஓட்டுவதற்கென்றே விடப்பட்ட வெளிக்குப் பாவடி என்று பெயர். அதிகாலையில் அங்கே குடும்பமே நிற்கும். பாட்டி தார் சுற்றுவார். மனைவி இழை பிணைப்பார். பிள்ளைகள் ஓடியாடி உதவுவார்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்; ஆனால் அந்தத் துணியை நெய்பவர்கள் நால்வர் ஐவர்.

தொழிற்சாலை ஒருவரை மட்டும் அழைத்தது. ஒருவருக்கு மட்டும் கூலி தந்தது. வீட்டில் இருந்தவர்களின் உழைப்புக்கு அங்கே இடமில்லை. உடம்புக்கு முடியாத நாளில் மெதுவாக நெய்யலாம், அறுவடை நாளில் வயலுக்குப் போகலாம், திருவிழாவுக்கு முன் இரவும் பகலும் நெய்யலாம் என்ற வசதியும் அங்கே இல்லை. இன்னொரு கயிறும் நெசவாளரைக் கட்டியிருந்தது. முன்பணம் கொடுத்த வணிகரை விட்டுவிட்டு அரசுச் சாலைக்குப் போனால், நாளை அந்தச் சாலை மூடப்படும்போது யாரிடம் போய் நிற்பது?

மூடப்படும் என்ற அச்சம் வீணானதல்ல. அரசே தொழில் நடத்துவதைச் சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசு தொழிற்பயிற்சி தரலாமே தவிர, தொழிற்சாலை நடத்தக் கூடாது என்று 1910ஆம் ஆண்டில் ஆணையிட்டார். சேலம் நெசவுச் சாலை மூடப்பட்டது. சாட்டர்டன் 1912ஆம் ஆண்டில் மைசூர் அரசின் பணிக்குப் போய்விட்டார்.

தோற்றது எது, வென்றது எது?

கதை இத்துடன் முடிந்திருந்தால், ‘நல்ல கருவி ஒன்றை மக்கள் மறுத்துவிட்டார்கள்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் நடந்தது வேறு.

தொழிற்சாலைக்கு வர மறுத்த நெசவாளர்களே பறக்கும் நாடாவைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்! அதற்குப் புதுத் தறி வாங்க வேண்டியதில்லை. பழைய குழித்தறி அப்படியே இருக்கும். பலகையை மட்டும் மாற்றிப் பெட்டிகளையும் கயிற்றையும் பொருத்தினால் போதும். உள்ளூர்த் தச்சரே செய்து தரக்கூடிய வேலை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதம் நெய்வதைப் பார்த்துவிட்டு, நூல் அறுகிறதா, துணி சரியாக விழுகிறதா, வணிகர் குறை சொல்கிறாரா என்று கவனித்துவிட்டு, அடுத்த மாதம் தாமும் மாற்றிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் பழைய பலகையைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

பின்னர் அரசின் தொழில் துறையும் பாடம் கற்றது. நெசவாளரைத் தொழிற்சாலைக்கு அழைப்பதற்கு மாறாக, நடமாடும் நெசவுக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பியது. குழுவினர் ஓர் ஊரில் தங்குவார்கள். தறியைப் பொருத்திக் காட்டுவார்கள். கேட்பவருக்குச் சொல்லித் தருவார்கள். பிறகு அடுத்த ஊருக்குப் போவார்கள். முடிவு நெசவாளருடையது. 1940களின் தொடக்கத்தில் கைத்தறி நிலையை ஆராய்ந்தபோது, சென்னை மாகாணத் தறிகளில் மிகப் பெரும்பான்மை பறக்கும் நாடாவுக்கு மாறியிருந்தது தெரிய வந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நெசவாளர் அனைவரும் மாறவில்லை. மாறாதவர்கள் யார்? காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டு நெய்பவர்களைப் பாருங்கள். அந்தச் சேலையில் உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம். ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று நாடாக்கள் வேண்டும். கரை இழையும் உடல் இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒரே வீச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாயும் நாடாவால் இதைச் செய்ய முடியாது. மிக மெல்லிய நூலாக இருந்தால், நாடா பாயும் வேகத்தில் இழை அறுவதும் உண்டு. ஆகவே, நடுத்தர நூலில் வேட்டியும் சாதாரணச் சேலையும் நெய்தவர்கள் மாறினார்கள். கோர்வைச் சேலை நெய்தவர்கள் மாறவில்லை. இருவரும் சரியாகவே முடிவு செய்தார்கள்.

எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்து ‘எல்லாத் தறியும் மாற வேண்டும்’ என்றோ, ‘எந்தத் தறியும் மாறக் கூடாது’ என்றோ ஆணை வந்திருந்தால், இரண்டில் ஒரு சாரார் அழிந்திருப்பார்கள். எந்தக் கருவி எந்த வேலைக்குப் பொருந்தும் என்ற அறிவு அலுவலகத்தில் இல்லை; தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவரின் கையில் இருந்தது. அதிகாரிகள் பழமைப் பிடிப்பு என்று அழைத்தது உண்மையில் ஒரு கணக்கு. கருவியையும் வேலை ஏற்பாட்டையும் அவர்கள் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். நெசவாளர்கள் பொட்டலத்தைப் பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அகமதாபாத்திலும் நார்வேயிலும்

வீட்டுத் தறிக்கு இது பொருந்தும். பெரிய ஆலைக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். ஆலைத் தொழிலாளி தம் விருப்பப்படி இயந்திரம் வாங்க முடியாதுதான். ஆனால் இயந்திரத்தோடு எப்படி வேலை செய்வது என்பதை அவர் தேர்ந்தெடுக்க முடியும். இதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு, அதுவும் நெசவில்தான்.

அகமதாபாத்தின் காலிகோ ஆலை 1952ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகளை நிறுவியது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு துண்டு வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒருவர் இழை முடிப்பார். ஒருவர் தார் மாற்றுவார். ஒருவர் எண்ணெய் இடுவார். புது இயந்திரம், பழைய பலன். எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. 1953ஆம் ஆண்டில், இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்ற ஆய்வாளர் ஒரு யோசனை சொன்னார்: குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழு முழுமையாகப் பொறுப்பேற்று நடத்தினால் என்ன? யோசனை தொழிலாளர் காதில் விழுந்ததும், அவர்களே குழு சேர்ந்துவிட்டார்கள். யார் யாரோடு வேலை செய்வது என்பதையும் தாங்களே முடிவு செய்தார்கள். தொடக்கத்துத் தடுமாற்றங்களுக்குப் பிறகு உற்பத்தி உயர்ந்தது. பழுதுபட்ட துணி குறைந்தது. தறி அதே தறி. மாறியது தேர்வு செய்யும் கை.

1970களின் தொடக்கத்தில், நார்வே நாட்டில் கணினி ஆலைக்குள் நுழைந்தபோது, இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கம் ஒரு புதிய வழியை மேற்கொண்டது. கணினியை எதிர்த்துக் கொடி பிடிப்பதோடு நிற்காமல், கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞரைத் துணைக்கு அழைத்துத் தன் உறுப்பினர்களைப் படிக்க வைத்தது. 1975ஆம் ஆண்டில் அங்கு ஏற்பட்ட ஓர் ஒப்பந்தத்தின்படி, புதிய கணினி முறை வருமுன் தொழிலாளருக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அவர்கள் சார்பில் பேச ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்றாயிற்று. ‘தெரிந்துகொள்ளாமல் தேர்ந்தெடுக்க முடியாது’ என்பதே இதன் உட்பொருள்.

சுதந்திரத்தின் எல்லைகள்

இதுவரை சொன்னதிலிருந்து, தேர்வுச் சுதந்திரம் ஒன்றே எல்லா நோய்க்கும் மருந்து என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சேலம் நெசவாளர் வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

பறக்கும் நாடா விளைச்சலைப் பெருக்கியது. ஆனால் நூலின் விலையை நெசவாளர் முடிவு செய்யவில்லை. துணியின் விலையையும் அவர் முடிவு செய்யவில்லை. சொந்தத் தறி இல்லாமல், வணிகரின் தறியில் கூலிக்கு நெய்தவர்களும் இருந்தார்கள். 1930களில் விலை வீழ்ந்தபோது அவர்களுடைய தொகை பெருகியது. தறியே தம்முடையது அல்ல என்னும்போது தறியைத் தேர்ந்தெடுப்பது எங்கே? 1935ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், அதாவது இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று அழைக்கும் அமைப்பு, தோன்றியதன் தேவை இதிலிருந்து விளங்கும். நூலும் கடனும் சந்தையும் கைக்கு எட்டினால்தான் தேர்வு என்பது பொருளுள்ள சொல்லாகும். பின்னர் விசைத்தறி பெருகியபோது, தனித்தனி நெசவாளரின் நல்ல தேர்வுகள் மட்டும் அந்த வெள்ளத்தைத் தடுக்கப் போதவில்லை.

மற்றோர் எல்லையும் உண்டு. இன்றைய அலுவலகங்கள் சிலவற்றில் ஊழியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசியையும் கணினியையும் வேலைக்குப் பயன்படுத்த விடப்படுகிறார்கள். கை பழகிய கருவியில் வேலை விரைவாகிறது. ஆனால் அலுவலகத்தின் இரகசியம் ஊழியரின் பையில் வீட்டுக்குப் போகிறது. ஊழியரின் ஓய்வு நேரமோ அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. கருவி வாங்கும் செலவையும் சத்தமின்றி ஊழியர் தலையில் கட்டிவிடலாம். ‘உன் விருப்பம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘உன் செலவு’ என்பது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எல்லையை எங்கே வகுப்பது? இதற்கும் பழைய நெசவுத் தெருவே வழி சொல்கிறது. துணியின் நீளம், அகலம், நூலின் நம்பர் ஆகியவற்றை வணிகர் குறித்துக் கொடுத்தார். அதில் குறைந்தால் துணியைத் திருப்பிவிட்டார். ஆனால் நாடாவைக் கையால் எறிவதா, கயிற்றால் இழுப்பதா என்று அவர் சொல்லவில்லை. விளைவுக்கு அளவுகோல் பொதுவானது, வழி செய்பவருடையது.

ஓசூர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு வரை அது தருமபுரி மாவட்டத்து ஊர்தான். மாவட்ட எல்லைகள் மாறிவிட்டன. ஆனால் இன்றும் ஒவ்வொரு நாளும் இந்தப் பகுதியின் இளைஞர்களும் இளம்பெண்களும் அங்குள்ள ஆலைகளில் புதிய இயந்திரங்களின் முன்னால் போய் உட்காருகிறார்கள். மாணவர்களே, உங்களில் சிலர் நாளை அந்த இயந்திரங்களை இயக்குவீர்கள். சிலர் அவற்றை வடிவமைப்பீர்கள். சிலர் பிறருக்காக வாங்குவீர்கள். வாங்கும் இடத்தில் இருப்பவர்கள், சாட்டர்டனைப் போன்ற திறமைசாலியும் கேட்க மறந்த ஒரு கேள்வியை நினைவில் வையுங்கள். கொல்லுப் பட்டறையில் அது நாள்தோறும் கேட்கப்படும் கேள்விதான்: ‘எந்த மண்ணில் வெட்டப் போகிறீர்கள்? காம்பு எவ்வளவு நீளம் வேண்டும்?’